டாக்டரம்மா சொன்னதும் நீ அம்மாவிடம் சொன்னதும்

என் அருமை மல்லிகாக்கா,

நீ போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பார்த்து நாம் இரண்டு பேரும் சேர்ந்து கிண்டலடித்தவர்கள்தானே. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன மாசம் நடந்த ஒரு விஷயம். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். பக்கத்திலிருந்து யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியட்டும்.

முதலில் வீட்டு விவரம். மர்பி டவுனில் அதே வீடுதான். கூரை ஓடுகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டிருக்கிறோம், அதனால் மழை இப்போது சத்தமில்லாமல் ஒழுகுகிறது. என் மிக்ஸி ரிப்பேர் கடை அல்சூர் மார்க்கெட் பக்கம் ஓடுகிறது. உன் தங்கச்சி வசந்தா ஆனேக்கல்லில் இருக்கிறாள், அவள் பெண் உன் மூக்கோடு பிறந்திருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி, கோபம், எல்லாம் பழையபடி. தண்ணீர்க் குழாயில் இன்னும் அவள் குரல்தான் முதலில் கேட்கும்.

நம் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த செல்வராஜ் என்பவர் குடும்பத்தோடு இருக்கிறார். மகன் பிரபு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மகள் திவ்யா கால் சென்டருக்குப் போகிறாள், சாயங்காலமானால் தெருமுனைக்கு வண்டி வந்து நிற்கும். அந்தப் பெண்ணுக்குக் கொஞ்ச நாளாகக் களைப்பு என்று அம்மா சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்றாள், அதற்கும் சும்மா இருந்தேன். காலெல்லாம் சிவப்புப் புள்ளி என்று சொன்னபோது தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

உனக்கும் அந்த வரிசையில்தான் வந்தது, இல்லையா?

நீ அப்போது வைட்ஃபீல்ட் ரோட்டு மெஷின் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மானேஜருக்கு இங்கிலீஷ், செக்யூரிட்டிக்குக் கன்னடம், கேன்டீன்காரருக்கு நம் தமிழ் என்று மாறி மாறி ஓடும். உன்னிடம் யார் எதைச் சொன்னாலும் அது கேட்க வேண்டியவருக்குக் கேட்க வேண்டிய மாதிரி போய்ச் சேரும். அப்படிப்பட்டவள் ஒருநாள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாய். ரத்தம் கம்மி என்று அம்மா உட்கார்ந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டாள்.

அப்புறம் என்ன, பீட்ரூட், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை. ஞாயிற்றுக்கிழமையானால் கறிக்கடை பாயிடம் சொல்லிவைத்துச் சுவரொட்டி. ஆட்டு மண்ணீரலை மிளகு போட்டு வறுத்து உன் முன்னால் வைத்துவிட்டு, நீ கடைசித் துண்டை விழுங்கும்வரை அம்மா நகரமாட்டாள். "இப்படியே போனா நான் ஒருநாள் மேய்ச்சலுக்குக் கிளம்பிடுவேம்மா" என்பாய். சிரித்துக்கொண்டே உன்னைத் தின்ன வைத்தோம். ஒரு சுவரொட்டியும் போய்ச் சேர முடியாத இடத்தில் கோளாறு இருந்தது நமக்கு எங்கே தெரியும்?

களைப்புக்கு நம் தெரு டாக்டர் டானிக் எழுதினார். ஈறில் ரத்தம் என்று பல் டாக்டரிடம் போனாய், அவர் பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினார். அன்று வீட்டுக்கு வந்தபிறகும் ரத்தம் நிற்காமல் துண்டு நனைந்தது. காலில் இருந்த புள்ளிகளுக்குத் தோல் டாக்டர். அவர்தான் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது தோல் வியாதி இல்லை, உள்ளே ரத்தம் கசிகிறது, ரத்த டாக்டர் யாரையாவது பாருங்கள் என்றார். யாரை என்று கேட்டால் அவருக்கும் பெயர் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள் என்றார்.

ரத்தத்துக்கென்று தனியாக டாக்டர் உண்டு என்பதே நமக்குப் புதுசு. கண்ணுக்கு உண்டு, காதுக்கு உண்டு, எலும்புக்கு உண்டு, சரி. ரத்தம் உடம்பு பூராவும் ஓடிக்கொண்டிருக்கிறதே, அதற்கு எந்த வாசலில் போய் நிற்பது?

நீ உன் வழியில் தேடினாய். சாப்பாட்டு நேரத்தில் உன் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து ஊரிலிருக்கிற ஆஸ்பத்திரிக்கெல்லாம் போன் போட்டாய். "ரக்தத டாக்டர் யாராதரூ இதாரா?" என்று, ரத்த டாக்டர் யாராவது இருக்கிறாரா என நீ கன்னடத்தில் கேட்பாய். "பிளட் பேங்க்கெ கொட்லா?" என்று, பிளட் பேங்குக்கு லைன் கொடுக்கவா எனக் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அங்கே மாற்றிவிடுவார்கள். பிளட் பேங்கில் என்ன குரூப் வேண்டும் என்பார்கள். வேறொரு இடத்தில் லேபுக்குப் போட்டார்கள். இன்னொரு இடத்தில் கேன்சர் வார்டுக்கு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் லைனைக் கட் பண்ணிவிட்டதாக அன்று சாயங்காலம் என்னிடம் மட்டும் சொன்னாய். யார் லைனையும் நடுவில் கட் பண்ணாதவள் நீ.

டாக்டர் கிடைப்பதற்குள் நீ வேலை செய்கிற இடத்திலேயே மயங்கி விழுந்தாய். பக்கத்தில் இருந்த நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். ரத்தம் உடனே ஏற்ற வேண்டும், ஆள் கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்தக் காலத்தில் ரத்தத்தை விற்றுப் பிழைக்கிறவர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்பார்கள், நினைவிருக்கிறதா? அவர்கள் ரத்தத்தில் என்னென்ன நோயோ என்று ஊரே பயந்துகிடந்த சமயம். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தீர்ப்புச் சொன்னாள்.

"வெளி ரத்தம் ஒரு சொட்டு எம் பொண்ணு உடம்புல போகக்கூடாது. ஒரே வயித்துல பொறந்தவங்க ரெண்டு பேர் இருக்காங்க இல்ல, இவங்க ரத்தத்தை எடு."

எனக்கும் வசந்தாவுக்கும் உன் குரூப்தான். முதலில் நான், பிறகு வசந்தா, பிறகு மறுபடி நான். எடுத்த சூட்டோடு உனக்கு ஏற்றினார்கள். புது ரத்தம் நல்லது என்று அந்த நர்சிங் ஹோமிலும் சொன்னார்கள். ஏறி முடிந்ததும் உன் முகத்தில் ஒரு தெளிவு வரும், எழுந்து உட்கார்ந்து, "என்னடா சேகரா, உன் ரத்தம் ஏறினதுலருந்து கொஞ்சம் புத்தி மந்தமா இருக்கே" என்பாய். நான் ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது அம்மா என் கையில் பன்னும் டீயும் கொடுத்துத் தலையைத் தடவுவாள். எனக்கு அப்படி ஒரு பெருமை. என்னவோ நானே உன்னைப் பெற்ற மாதிரி நடந்துகொள்வேன்.

அப்படியே மாதங்கள் ஓடின. ஏற்றுவது, தெளிவது, மறுபடி வெளுப்பது. இடையில் காய்ச்சல். இதற்கு என்ன பெயர் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில் வழி உன் போனிலேயே வந்தது. ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரி போர்டில் உன்னைப் போலவே ஒருத்தி. நீங்கள் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை, குரல் பழக்கம் மட்டும். ஹெமடாலஜிஸ்ட் என்று கேட்டால்தான் சரியான ஆளிடம் போகும் என்று அவள் சொன்னாள். அப்படி ஒரு டாக்டரம்மா பிரேசர் டவுனில் சாயங்காலம் உட்காருகிறார் என்று இடமும் சொன்னாள். பிரேசர் டவுன் என்றால் நமக்குக் கூப்பிடு தூரம். அந்த டாக்டரம்மாவின் பெயர்ப்பலகையை நாம் எத்தனை தரம் பார்த்திருப்போம். ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற இடம் போலிருக்கிறது என்று நினைத்துப் பேக்கரிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

அந்தக் காத்திருப்பு அறையில்தான் ரத்தத்துக்கு இத்தனை வியாதி உண்டு என்பதே நமக்குத் தெரிந்தது. உனக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் அம்மா, மடியில் வெளிறிய பெண் குழந்தை. பிறந்ததிலிருந்து மாதா மாதம் ரத்தம் ஏற்றினால்தான் உயிர், தலசீமியா என்று அந்தம்மா ரேஷன் கடை விவரம் சொல்கிற குரலில் சொன்னாள். எதிரே காலேஜ் படிக்கிற ஒருவன், முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அவனுக்கு ரத்தம் உறையாதாம், அடிபடாமலே மூட்டுக்குள் கசியுமாம். ஒரு அக்காவுக்கு நேர் எதிர், உறையக்கூடாத இடத்தில் உறைந்து மூன்று கர்ப்பம் கலைந்திருந்தது. முதுகுவலி என்று வருஷக்கணக்காகத் தைலம் தேய்த்த பெரியவருக்கு எலும்புக்குள் ரத்த அணுவே கெட்டுப்போயிருந்தது.

சிக்பேட்டை சேட் ஒருவர் சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ரத்தம் அளவுக்கு மேல் ஊறுகிறதாம், அடிக்கடி எடுத்துக் கொட்டுகிறார்களாம். நீ என் காதோடு, "இவருக்கு எடுக்குறாங்க, எனக்கு ஏத்துறாங்க. நடுவுல ஒரு லைன் குடுத்துட்டா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடலாம்" என்றாய். சிரிப்பு வந்து அம்மா முறைத்தாள். எனக்கு அதுதான் உன் கடைசிச் சிரிப்பு மாதிரி மனசில் நிற்கிறது. அதற்குப் பிறகும் நீ சிரித்தாய், ஆனால் எதற்காக என்று எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா மங்களூர்ப் பக்கம். கட்டை முடி, தணிந்த குரல், தமிழ் வராது. உன்னிடம் இங்கிலீஷில் பேசினார். களைப்பு, ஈறு, புள்ளி, காய்ச்சல் என்று நாம் வேறு வேறு கதவைத் தட்டிய நாலையும் அவர் ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்டார். ரத்தத்தில் சிவப்பணு குறைந்தால் களைப்பு, வெள்ளையணு குறைந்தால் காய்ச்சல், தட்டணு குறைந்தால் கசிவு. மூன்றும் ஒரே இடத்தில் உற்பத்தியாகின்றன, எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில். இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார். அடுத்த வாரம் நாம் மூன்று பேரும் போனபோது, மஜ்ஜை காலியாக இருக்கிறது என்றார். கேன்சர் இல்லை. ஏப்ளாஸ்டிக் அனீமியா.

கேன்சர் இல்லை என்று கேட்டதும் நான் சாமி கும்பிடாத குறைதான். அப்புறம் அவர் சொன்னார், கூடப்பிறந்தவர்கள் மஜ்ஜை பொருந்தினால் அதை எடுத்து உனக்குள் விடலாம், முளைத்துவிட்டால் முழுசாகக் குணமாகலாம் என்று. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நீ அம்மாவுக்குத் தமிழில் சொன்னாய்.

"இதுவரைக்கும் ஏத்தினது யார் ரத்தம்னு கேக்குறாங்கம்மா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எம் புள்ளைங்களோடதுன்னு சொல்லு. வெளி ரத்தம் ஒரு சொட்டு உள்ள போகலன்னும் சொல்லு."

நீ அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாய். டாக்டரம்மா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. மெதுவாக விளக்கினார். மஜ்ஜை மாற்றப் போகிறவர்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் ரத்தத்தை ஏற்றக்கூடாது. ஏற்ற ஏற்ற அந்த உடம்பு அவர்களை அந்நியர் என்று அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளும். நாளைக்குத் தம்பியின் மஜ்ஜை உள்ளே வந்தால் தள்ளிவிடக் காத்திருக்கும். ஊர் பேர் தெரியாத ஒருவருடைய ரத்தத்தை, நன்றாகச் சோதித்து ஏற்றியிருந்தால் இவ்வளவு சிக்கல் இல்லை.

எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் அது புரிந்துவிட்டது. நீ டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மா உன் முழங்கையை இடித்தாள்.

"என்னடி சொல்றாங்க?"

நீ ஒரு நொடிதான் எடுத்துக்கொண்டாய். "தம்பி தங்கச்சி ரத்தம் ஏத்துனதாலதான் இத்தனை நாள் தாங்கியிருக்கேனாம்மா. ரெண்டு பேரும் இளைச்சுப் போயிடுவாங்க, இனிமே வெளியில வாங்கிக்கலாம், நல்லா டெஸ்ட் பண்ணித் தருவோம்னு சொல்றாங்க."

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எழுந்து நின்று டாக்டரம்மாவைக் கும்பிட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் எழுந்து கும்பிட்டார்.

வெளியே வந்ததும் அம்மா பூ வாங்க முன்னால் போனாள். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "நான் சொன்னதுதான் டாக்டர் சொன்னது. மாத்திக் கீத்திச் சொன்னே, கொன்னுடுவேன்" என்றாய். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

பிறகு உனக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. "கூடப்பொறந்தவன் ஒத்துக்கல, குதிரையாவது ஒத்துக்குதான்னு பாப்போம்" என்றாய். குதிரையும் கைவிட்டது. பரிசோதனையில் என் மஜ்ஜை உனக்கு முழுசாகப் பொருந்தியிருந்தது. வசந்தாவுடையது பொருந்தவில்லை. தள்ளிவிடும் ஆபத்து இருந்தாலும் வேறு வழியில்லை, ஊரில் அப்போது அந்தச் சிகிச்சைக்கு வசதியும் இல்லை என்று டாக்டரம்மாவே வேலூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே எல்லோருக்கும் தமிழ் தெரியும். அதனால்தானே அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனாய்?

என்னிடமிருந்து எடுத்ததை உனக்குள் விட்டார்கள். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் இன்டர்காம். கொஞ்ச நாளில் அணுக்கள் ஏறத் தொடங்கின. நான் அம்மாவுக்குப் போன் போட்டு, முளைச்சிடுச்சு என்றேன். தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாளாம். அப்புறம் நின்றது. அப்புறம் இறங்கியது. டாக்டர்கள் தினமும் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். நான் அந்தக் கண்ணாடிக்கு வெளியே கையில் வலு உள்ள ஒரு ஆம்பிளையாக நின்றேன். என் உடம்பில் வேண்டியது எல்லாம் இருந்தது. உனக்குக் கொடுக்க முடியவில்லை.

அம்மா வந்து சேர்ந்தபோது நீ பேசும் நிலையில் இல்லை. அவளுக்கு என்ன புரிந்ததோ அதைத்தான் இன்றுவரை சொல்கிறாள். பிள்ளைகளின் ரத்தம் ஓடினவரைக்கும் மகள் நடமாடினாள். எலும்பில் கை வைத்தார்கள், போய்விட்டாள். கணக்கு அவ்வளவுதான். நீ கொடுத்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் நிம்மதியாக இருந்தாள் அக்கா. மகளுக்காக எல்லாம் சரியாகச் செய்தவள் என்ற நிம்மதி.

இப்போது திவ்யா விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு ரத்த டாக்டரைத் தேட போன் போர்டு வேண்டாம். பிரபு கம்ப்யூட்டரில் தட்டினான், பெயர் பெயராக வந்தது. எந்த டாக்டர், எங்கே, எதற்குப் பார்ப்பார் என்று எல்லாமே இருந்தது. நம் டாக்டரம்மாவின் பெயரும் இருந்தது. அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிவிட்டான். எனக்குக்கூடக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஆனால் அதற்குள் பெண்ணுக்கு ரொம்ப முடியாமல் போய், பக்கத்து நர்சிங் ஹோமில் ரத்தம் ஏற்றச் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் போனபோது அம்மா அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். செல்வராஜும் அவர் மனைவியும் அவள் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரபு கார் சாவியோடு நின்றிருந்தான்.

"கூடப்பொறந்தவன் கல்லாட்டம் நிக்கிறான், வெளி ரத்தம் எதுக்கு? இவன் ரத்தத்தை நேரா அவளுக்கே ஏத்தச் சொல்லுங்க, வேற ஆளோடதை மாத்திக் குடுத்தா வாங்காதீங்க. எம் பொண்ண அத்தனை மாசம் தாங்கினது அதுதான். எலும்புல மட்டும் கை வைக்க விட்டுடாதீங்க, சொல்லிட்டேன்."

"பிரபு, நீ குடுக்காதே" என்றேன்.

செல்வராஜ் என்னைப் பார்த்தார். "ஏன் சார்? நீங்க குடுத்ததாதானே அம்மா சொல்றாங்க?"

"கொஞ்சம் வெளிய வாங்க, சொல்றேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கிற தெம்பு அவர் முகத்தில் இல்லை. "எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க சார். அம்மா பட்டவங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

இப்போதெல்லாம் முறை மாறிவிட்டது, பிளட் பேங்க் ரத்தம்தான் சுத்தம் என்று சுற்றி வளைத்தேன். அம்மா விடுவாளா? "என்னடா முறை மாறிடுச்சு? ஒடம்பு மாறிடுச்சா, ரத்தம் மாறிடுச்சா? வெளி ரத்தம் ஏத்தி அந்தப் பொண்ணுக்கு வேற ஏதாவது வந்துச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?" என்றாள். பிரபுவின் அம்மா உடனே மகனிடம், நீ கிளம்புப்பா, பெரியவங்க சொல்றாங்க என்றாள். அவன் செருப்பில் காலை விட்டான்.

அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அவன் கதவைத் தாண்டினால் திவ்யாவுக்கு அது தொடங்கிவிடும். வாயைத் திறந்தால் அம்மாவுக்கு நீ கட்டிக் கொடுத்தது இடிந்துவிடும். நான் அம்மாவைப் பார்க்காமல் பிரபுவைப் பார்த்துச் சொன்னேன். டாக்டரம்மா அன்று சொன்னது அத்தனையும் சொன்னேன், தமிழில். என் மஜ்ஜை முழுசாகப் பொருந்தியிருந்ததையும் சொன்னேன். முளைத்து, பிறகு உன் உடம்பு அதைத் தள்ளிவிட்டதையும்.

பிரபு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். அம்மா கையை ஊன்றி எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போனாள். முழங்கால் வலியில் எப்போதும் சுவரைப் பிடித்து நடப்பவள், அன்று எதையும் பிடிக்கவில்லை.

நான் பின்னாலேயே போனேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"மல்லிகாவுக்கு இது தெரியுமா?"

"தெரியும்மா. அவதான் உனக்கு வேற மாதிரி சொன்னா. என்னையும் சொல்லக்கூடாதுன்னா."

"அன்னைக்கே?"

"அன்னைக்கே."

பால் பொங்கி வழிந்தது. அவள் அணைக்கவில்லை, நான்தான் போய் அணைத்தேன். "டாக்டரை வேற கும்பிட்டேனேடா" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அவளாகவே மூன்றாவது வீட்டுக்குப் போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். செல்வராஜின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னது தப்பும்மா. எம் பையன் சொல்றதைக் கேளுங்க. எங்க வீட்டுல நான்தான் ஏத்த வெச்சேன்" என்றாள். அந்தம்மா அழுதுவிட்டாள். அம்மா அழவில்லை. திரும்பி வந்து, குழாயடிக்குப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

திவ்யாவுக்கு பிளட் பேங்க் ரத்தம்தான் ஏற்றினார்கள். நானே பிரேசர் டவுனுக்குக் கூடப் போனேன். டாக்டரம்மாவுக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது, குரல் அதேதான். உனக்கு வந்ததுதான் இந்தப் பெண்ணுக்கும். மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்கப் பிரபுவின் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. பொருந்துமா, முளைக்குமா, எதுவும் தெரியாது. அந்தப் பையன் தினமும் சாயங்காலம் என் கடைக்கு வந்து எதுவும் கேட்காமல் நின்றுவிட்டுப் போகிறான். அவன் நிற்பது எதற்கென்று எனக்குத் தெரியும், அதனால் ஸ்டூலை எடுத்துப் போடுகிறேன்.

அம்மாதான் கேட்கிறாள். காலையில் காபி கொடுக்கும்போது, சாயங்காலம் விளக்குப் போடும்போது, பேச்சுக்கு நடுவில் சம்பந்தமே இல்லாமல். "அன்னைக்கு வெளி ரத்தமே வாங்கியிருந்தா அவ இருந்திருப்பாளாடா?" அவள் முதல் தடவை கேட்டதும், அதற்காகவே டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். சொந்தக்காரர் ரத்தம் ஏறாதவர்களுக்கும் தள்ளிவிட்டிருக்கிறது, ஏறினவர்களிலும் பிழைத்தவர்கள் உண்டு என்றார். வந்து அம்மாவிடம் ஒரு எழுத்து விடாமல் சொன்னேன்.

கேட்டுவிட்டு, "அதை நான் கேக்கல. எம் பொண்ணு இருந்திருப்பாளா, அதைச் சொல்லு" என்றாள்.

நீ இருந்திருக்க மாட்டாய் என்று சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம், அவளுக்குத் தூக்கம் வரும். நாக்கு வரைக்கும் வருகிறது. ஆனால் சொன்னால் நம்ப மாட்டாள் அக்கா. நான் உண்மையைச் சொன்ன அன்றே, இனி யார் எது சொன்னாலும் நம்ப முடியாதவளாக ஆகிவிட்டாள். உன் பொய் ஒன்றுதான் அவளிடம் செல்லுபடியானது. அதையும் நான் எடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்காக எடுத்தேன், மறுபடி அப்படி நேர்ந்தாலும் எடுப்பேன். ஆனால் அந்த இடத்தில் வைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

உனக்கு நான் கொடுத்த வார்த்தை போய்விட்டது. அதனால் இன்னொன்று கொடுக்கிறேன். அவள் கேட்கும்போது கடைக்கு நேரமாச்சு என்று எழுந்து போகமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, "தெரியலம்மா" என்பேன். அவள் மறுபடி கேட்பாள். மறுபடியும், "தெரியலம்மா" என்பேன். அவள் கேட்பதை நிறுத்துகிறவரைக்கும், இல்லை அவளே உன்னிடம் நேரில் வந்து கேட்கிறவரைக்கும்.

உன் கூடப்பிறந்தவன்,
சேகர்